உழைத்து ஓய்ந்த உயிர்கட்கு உறைவிடம்

கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வையாவிக் கோப்பெரும் பேகன், பொதினி எனப் பண்டு வழங்கிய பழனியைத் தலைநகராகக் கொண்டு, அதனைச் சூழ்ந்த மலைநாட்டை ஆண்டவன். தோகை விரித்தாடிய மயிலொன்று குளிரால் நடுங்குகின்றதென எண்ணித் தன் போர்வையை அதற்கு அளித்தான் என்பது தமிழ் மாணவர் யாவரும் அறிந்த செய்தி. அப்பேகனே தன் மனைவி கண்ணகியைத் துறந்து வாழ்ந்த காலத்தில், கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய புலவர் நால்வர் அவனை அடைந்து, அவளுக்கு அருள்புரியுமாறு வேண்டினர் என்பது அத்துணைப் பரவலாக அறியப்படாத செய்தி. புறநானூற்றின் 143 முதல் 147 வரையுள்ள பாடல்கள் இதற்குச் சான்றாக நிற்கின்றன.

இவ்விரு செய்திகளையும் ஒருங்கு வைத்து நோக்கின், இரக்கம் இருவகைத்து என்பது புலனாகும். ஒன்று, கண்ட நொடியில் உள்ளம் உருகிக் கையிலுள்ளதைக் கொடுத்துவிடுவது. மற்றொன்று, தன்னைச் சார்ந்து வாழும் உயிரை நாள்தோறும் நினைந்து பேணுவது. முன்னது எளிது, புகழும் தருவது. பின்னது அரிது, பெரும்பாலும் காண்பாரற்றது. மனிதனுக்கு உழைத்து ஓய்ந்தனவும், மனிதனால் இடருற்று மீட்கப்பட்டனவுமாகிய கால்நடைகளைப் பேணும் அடைக்கல நிலையங்களைப்பற்றி ஆராயப் புகும் இக்கட்டுரை, இரண்டாம் வகை இரக்கத்தைப் பற்றியதேயாகும். பேகன் ஆண்ட அம்மலைநாட்டையே முதற்கண் எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

மலையேறிய வரலாறு

பழனிமலைகளை 1821-ஆம் ஆண்டில் வார்டு என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் அளந்தாராய்ந்தார். 1845-இல் மதுரையிலிருந்த அமெரிக்கச் சமயத் தொண்டர்கள் வெப்பத்திற்கும் நோய்க்கும் அஞ்சிக் கொடைக்கானலில் முதல் வீடுகளை எழுப்பினர். 1863-இல் மதுரைக் கலெக்டராயிருந்த வியர் ஹென்றி லெவிஞ்சு என்பார் அங்குள்ள ஏரியை அமைப்பித்தார். 1875-இல் இருப்புப்பாதை அம்மையநாயக்கனூர் வரை வந்தது. அந்நிலையமே இன்று கொடைக்கானல் ரோடு எனப்படுவது. ஆயினும் மலைமேல் வண்டி செல்லும் சாலை, லா என்பவர் பெயரால் வழங்கும் மலைச்சாலை, 1916-ஆம் ஆண்டளவிலேதான் போக்குவரத்திற்குத் திறக்கப்பட்டது.

எனவே, முதல் வீடு எழுந்ததற்கும் சாலை திறந்ததற்கும் இடையே எழுபது ஆண்டுகள் கழிந்தன. அவ்வெழுபது ஆண்டுகளிலும் கொடைக்கானல் வளர்ந்தது எங்ஙனம்? இரயில் நிலையத்திலிருந்து பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பு வரை மாட்டுவண்டிகள் இழுத்தன. அங்கிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் மட்டக்குதிரைகளும், மனிதர் தோள்களும், பொதி சுமக்கும் விலங்குகளும் ஏறின. மலைநகரின் பழைய கட்டடங்களை நாம் வியந்து நோக்கும்பொழுது, அவற்றை எழுப்பிய கொத்தரையும், எழுப்புவித்த செல்வரையும் எண்ணுகிறோம். அவற்றிற்கு வேண்டியவற்றை மேலேற்றிய உயிர்களை எண்ணுவாரில்லை.

சாலை வந்தபின்னும் அவ்வுழைப்பு ஒழிந்துவிடவில்லை. பழனிமலைச் சரிவுகளிலுள்ள தோட்டங்கள் பலவற்றிற்கு லாரி செல்லும் வழியில்லை. காப்பி, மிளகு, எலுமிச்சை, மலைவாழை முதலிய விளைபொருள்கள் தோட்டத்திலிருந்து சாலை முனை வரை குதிரை முதுகின்மேலேயே வந்தன. இன்றும் பல இடங்களில் வருகின்றன. வெள்ளகெவி போன்ற மலையூர்களில், அரிசியும் உப்பும் மண்ணெண்ணெயும் நெடுங்காலம் குதிரைப் பொதியாகவே சென்றடைந்தன. கொடைக்கானல் ஏரிக்கரையில் பிரயாணிகளைச் சவாரி ஏற்றும் குதிரைகளும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே.

உழைப்பு முடிந்த பின்

இனி, நாம் ஆராய வேண்டிய வினா இது: அவ்வுழைப்பு முடிந்தபின் அவ்விலங்கு என்னாகும்?

நன்கு பேணப்படும் குதிரை 25 முதல் 30 ஆண்டு வரை வாழும். கழுதை 30 ஆண்டையும் கடக்கும். பசு 20 ஆண்டளவு வாழவல்லது. ஆனால் பொதி சுமக்கும் குதிரையின் முழங்காலும் குளம்பும் அவ்வயதிற்கு நெடுமுன்னரே தளர்ந்துவிடுகின்றன. பசுவோ, சில ஈற்றுகளின் பின் பால் குறைந்தவுடனே வீட்டுக்குப் பாரமாகத் தோன்றுகின்றது. இங்ஙனம், பயன் முடிகின்ற நாளுக்கும் உயிர் முடிகின்ற நாளுக்கும் இடையே பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ எஞ்சி நிற்கின்றன. அந்த ஆண்டுகள் யாருடைய பொறுப்பு என்பதே இப்பொருளின் உயிர்நாடியான கேள்வி.

பலர் இதற்குக் காணும் விடை, கயிற்றை அவிழ்த்து விட்டுவிடுவதே. 2019-இல் நடைபெற்ற 20-ஆம் கால்நடைக் கணக்கெடுப்பு, இந்திய நாட்டில் உரிமையாளரின்றித் திரியும் மாடுகள் 50 இலட்சத்திற்கு மேற்பட்டவை எனக் கண்டது. மலைநகர்களில் சாலையோரத்திலும் குப்பைத் தொட்டியருகிலும் மாடுகளும் குதிரைகளும் நிற்பதைக் காணாதார் இலர். அவிழ்த்து விடுதல் விடுதலை போலத் தோன்றினும், அதன் விளைவு வேறு.

மாடு தன் உணவை முதலில் நன்கு மெல்லாமலே விழுங்கிப் பின்னர் அசைபோடும் இயல்பினது. உதட்டால் பொறுக்கி விலக்கும் திறன் அதற்குக் குறைவு. ஆதலின், உணவுக் கழிவுடன் கட்டி எறியப்பட்ட பிளாஸ்டிக் பை அப்படியே அதன் முதல் இரைப்பையைச் சென்றடைகின்றது. அங்கே அது செரிப்பதுமில்லை, வெளியேறுவதுமில்லை. ஆண்டுக்கணக்கில் திரண்டு உருண்டையாகி, உணவு கொள்ளும் இடத்தை அடைத்துக்கொள்கின்றது. வயிறு நிறைந்தது போற் காணப்படும் பசு, உண்மையிற் பட்டினியால் மெலிகின்றது. ஆந்திர நாட்டுப் புட்டபர்த்தியிலுள்ள கருணா சங்கத்தார், மாடுகளின் வயிற்றை அறுவை செய்து இத்தகைய பிளாஸ்டிக் திரள்களை அகற்றியபின், இக்கேட்டைத் தடுக்குமாறு 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் முறையிட்டனர்.

சாலையில் விடாது காட்டில் விட்டால் என்னை எனின், அதுவும் தீங்கே. பழனிமலைகளில் ஏறக்குறைய 609 சதுர கிலோமீட்டர்ப் பரப்பு 2013-ஆம் ஆண்டில் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே காட்டுமாடுகள் வாழ்கின்றன. வீட்டு மாட்டிற்கும் காட்டுமாட்டிற்கும் பொதுவான நோய்கள் பல. 1968-ஆம் ஆண்டில் வெக்கைநோய் பரவி, முதுமலை, பந்திப்பூர்க் காடுகளிலிருந்த காட்டுமாடுகளில் மிகப் பலவற்றை மாய்த்தது. அந்நோய் 2011-இல் உலகெங்கும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டதாயினும், கோமாரி போன்ற நோய்கள் இன்னும் ஒழியவில்லை. மேலும், கொட்டிலிலேயே வளர்ந்த முதிய விலங்கு சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் எளிதில் இரையாகும். எனவே, காட்டில் விடுதல் அவ்விலங்குக்கும் நன்றன்று, காட்டிற்கும் நன்றன்று.

அடைக்கல நிலையங்களின் வரலாறு

இவ்விடரை முன்னோர் அறியாதவரல்லர். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அசோக வேந்தன் தன் இரண்டாம் பாறைச் சாசனத்தில், தன் நாட்டிலும் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் முதலிய அண்டை நாட்டினரிடத்தும், மக்களுக்கு மருத்துவம், விலங்குகட்கு மருத்துவம் என இருவகை மருத்துவமும் அமைத்ததாகக் கூறுகின்றான். 1623-இல் குசராத்தின் காம்பே நகருக்கு வந்த பியத்ரோ தெல்லா வாலே என்னும் இத்தாலியப் பிரயாணி, அங்குப் பறவைகட்கும், ஆடுகட்கும், பசு கன்றுகட்கும் தனித்தனி மருத்துவமனைகள் இருந்தமை கண்டு எழுதி வைத்தார். இவ்வழக்கமே பிஞ்சராப்போல் என்னும் பெயருடன் வடநாட்டு வணிகர் சென்று குடியேறிய ஊர்களிலெல்லாம் பரவியது. சென்னை அயனாவரத்திலுள்ள பிஞ்சராப்போல் 1906-ஆம் ஆண்டில் தோன்றியது.

மேலைநாட்டிலும் இவ்வெண்ணம் முளைத்தது. 1886-இல் இலண்டனில் ஆன் லிண்டோ என்னும் அம்மையார், வண்டியிழுத்து ஓய்ந்த குதிரைகட்கு ஓர் இளைப்பாறு இல்லம் தொடங்கினார். 1969-இல் எலிசபெத் சுவெண்ட்சன் என்பார் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் கழுதைகட்குச் சரணாலயம் கண்டார். 1986-இல் அமெரிக்க நாட்டில் தோன்றிய பண்ணை விலங்குச் சரணாலயம் புதியதொரு வழியைத் திறந்தது. பென்சில்வேனியாவில் கால்நடைச் சந்தையொன்றின் பின்புறத்தில், இறந்த விலங்குகளின் குவியலில் உயிரோடு எறியப்பட்டுக் கிடந்த செம்மறியாடு ஒன்றை மீட்டு, ஹில்டா எனப் பெயரிட்டு வளர்த்ததே அதன் தொடக்கம். அதனைத் தூக்கி வந்தது ஒரு நாட்செயல்; அதனைப் பேணியதோ பத்து ஆண்டுகட்கு மேற்பட்ட செயல் என்பதை மாணவர் ஈண்டு உன்னுக.

நம் அண்மையிலும் இத்தகைய இடங்கள் உள. பழனித் திருக்கோயிலுக்கு அன்பர் காணிக்கையாக அளிக்கும் மாடுகட்கென மலையடிவாரச் சமவெளியிலுள்ள கள்ளிமந்தையத்தில் கோசாலை அமைந்தது. நீலகிரியில், மசினகுடியை அடுத்த மாவனல்லாவில் எழுந்த ஹில் வியூ என்னும் பண்ணையில், கைவிடப்பட்ட கழுதைகளும் மட்டக்குதிரைகளும் மாடுகளும் அடைக்கலம் பெற்றன. பழனிமலைக்கும் நீலகிரிக்கும் குளிர், மழை, சரிவு, சவாரித் தொழில் ஆகிய யாவும் ஒப்புமையுடையன. ஆதலின், அங்கு வேண்டப்படுவனவே இங்கும் வேண்டப்படுவன எனக் கொள்ளலாம்.

கொட்டிலின் கணக்கு

அடைக்கல நிலையம் என்றவுடன் பசும்புல்வெளியும் அமைதியாக மேயும் விலங்குகளுமே நம் மனக்கண்முன் தோன்றும். அதனை நடத்துவோர் கண்முன் தோன்றுவதோ வைக்கோற் கணக்கு. அதனை நாமும் போட்டுப் பார்ப்போம்.

300 கிலோ எடையுள்ள கறவை நின்ற பசுவொன்றுக்கு, நீர்ப்பசை நீங்கிய தீவனமாகக் கணக்கிடின், உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்காகிய 6 கிலோ நாள்தோறும் வேண்டும். இத்தகைய பசுக்கள் 50 உள்ள கொட்டிலுக்கு நாளொன்றுக்கு 300 கிலோ. ஆண்டொன்றுக்கு 1,09,500 கிலோ. அதாவது 109 டன்னுக்கு மேல். பசுவொன்று பத்தாண்டு வாழின், அதற்கு மட்டும் ஏறக்குறைய 22 டன் தீவனம் வேண்டும். பசும்புல்லில் நாலில் மூன்று பங்கு நீரே ஆதலின், புல்லாகக் கொடுப்பின் எடை நான்கு மடங்காகப் பெருகும். இவ்வளவு தீவனம் மலைமேல் விளைவதும் அரிது. ஏனெனில், பழனிமலையின் இயற்கையான புல்வெளிகளிற் பெரும்பகுதி, சென்ற நூற்றாண்டில் சீகை, பைன், யூகலிப்டசு மரத் தோட்டங்களாக மாற்றப்பட்டுவிட்டது. ஒருகாலத்தில் விலங்குகள் மனிதனுக்குப் பண்டங்களை மலைமேல் ஏற்றின. இன்று அவ்விலங்குகட்கு வைக்கோலை மனிதனே லாரியில் ஏற்ற வேண்டியிருக்கின்றது.

தீவனத்தோடு முடிந்ததன்று. குதிரையின் குளம்பு இடையறாது வளர்வது. ஆறு முதல் எட்டு வாரத்திற்கு ஒருமுறை செதுக்காவிடில் வெடித்து நொண்டியாகும். மழைக்காலத்தில் ஈரத்தில் நிற்கும் விலங்குக்குக் குளம்பு அழுகும். ஆதலின், தரையை மேடாக்கி நீர் வடியச் செய்தல் வேண்டும். முதிய குதிரையின் பல் தேய்ந்துவிடுமாதலின், அதற்கு நறுக்கி ஊறவைத்த தீவனமே ஏற்றது. குதிரை உண்டதைக் கக்க இயலாத பிராணி. தகாதது தின்று வயிற்றுவலி கண்டால் உடனே மருத்துவர் வந்தாலன்றி உயிர் தங்குவது அரிது. புதிதாக வரும் விலங்கைச் சில வாரம் தனியே நிறுத்தி நோயின்மை தெளிந்த பின்னரே மந்தையிற் சேர்த்தல் வேண்டும். இவையனைத்தும் மந்தை விலங்குகளாதலின், தனிமையும் அவற்றிற்கு ஒரு நோயே. தோழமை கொண்ட இரண்டு கழுதைகளைப் பிரித்தால் எஞ்சியது உணவை வெறுப்பதும் உண்டு.

இவற்றினும் கடினமானவை, நிலையம் நடத்துவோர் தமக்குத்தாமே விதித்துக்கொள்ள வேண்டிய வரையறைகள். முதலாவது, உள்ளே இனப்பெருக்கம் கூடாது. பெருக்கினால், வெளியிலுள்ள அனாதை விலங்குக்குரிய இடத்தை உள்ளே பிறந்தது பற்றிக்கொள்ளும். இரண்டாவது, தீவனக் கணக்கு இடந்தரும் எண்ணிக்கைக்கு மேல் ஒரு விலங்கையும் ஏற்றல் கூடாது. வாயிலில் வந்து நிற்கும் உயிரை இல்லையென்று திருப்புதல் நெஞ்சைப் பிளக்கும் செயலே. ஆயினும், ஐம்பதிற்குரிய வைக்கோலை நூற்றுக்குப் பகிர்ந்தால், அடைக்கலம் என்னும் பெயரால் நூறு உயிர்களும் பட்டினி கிடக்கும். இரக்கம் மிக்கு அறிவு குன்றிய இடங்களில் இக்கேடு நேர்வது கண்கூடு.

ஒரு தடையும் விடையும்

இங்கே சிலர் ஒரு தடை எழுப்பக்கூடும். மக்களே பசித்திருக்கும் நாட்டில், பயனற்ற விலங்குக்கு இருபத்திரண்டு டன் தீவனம் இடுவது முறையோ என்பது அவர் வினா. இதனை இகழ்ந்து ஒதுக்குதல் கூடாது. பசியறிந்தவர் வினவும் வினா இது.

இதற்கு விடை, பயனற்றது என்னும் சொல்லிலேயே உள்ளது. முப்பதாண்டு கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியரை நாம் பயனற்றவர் என்பதில்லை. அவர் பெறும் ஓய்வூதியத்தைப் பிச்சை என்பதுமில்லை. அஃது அவர் முன்னரே உழைத்து ஈட்டிய ஊதியத்தின் எஞ்சிய பகுதி. பத்தாண்டு பொதி சுமந்த குதிரைக்கு நாம் இடும் கொள்ளும் புல்லும் அத்தகையனவே. கடனைத் தருமம் எனக் கருதுவதனாலேயே, கையில் மிஞ்சியபோது கொடுப்போம், இல்லாதபோது நிறுத்துவோம் என்னும் எண்ணம் வருகின்றது. பேகனிடம் சென்ற புலவர்கள் நினைவூட்டியதும், சார்ந்திருப்பார்க்குச் செய்ய வேண்டுவதாகிய இக்கடனையே என்று கொள்வது பொருந்தும்.

அற்றேல், அக்கடனை இறுப்பவர் யார்? குதிரைக்காரரே என்று கூறி நாம் கைகழுவ இயலாது. அவரும் நாட்கூலியே, குதிரை நொண்டினால் அவர் வீட்டு அடுப்பும் அணைந்துவிடும். அவர் குதிரை சுமந்த காப்பியைப் பருகியவரும், அதன்மீது சவாரி செய்து களித்தவரும் அவரோடு கடனாளிகளே. இந்திய நாட்டுச் சட்டமும் இவ்வேறுபாட்டை உணர்ந்துள்ளது. 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு, இடருற்ற விலங்கைச் சிகிச்சை நிலையத்திற்கோ பிஞ்சராப்போலுக்கோ அனுப்ப நீதிபதிக்கு அதிகாரம் அளிக்கின்றது. செலவை உரிமையாளர் தரவேண்டும் என விதித்த அப்பிரிவே, அவர் வறியவராயின் மருத்துவக் கட்டணத்தை நீக்கவும் இடந்தருகின்றது. வழக்கிற் பிடிபட்ட விலங்குகளைத் தீர்ப்பு வரும் வரை பேணும் முறையை 2017-ஆம் ஆண்டு விதிகள் வகுத்தன. உயிர்களிடத்து இரக்கம் காட்டுதல் குடிமக்கள் கடமை என அரசியலமைப்பின் 51-அ பிரிவு, 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தினாற் கூறுகின்றது.

வருமுன் காத்தல்

எத்துணைக் கொட்டில்கள் கட்டினும், வந்து சேரும் விலங்குகளின் தொகை அவற்றை விஞ்சியே நிற்கும். ஆதலின், அடைக்கலம் தேடும் நிலைமை வாராமற் காப்பதே தலையாய அறம். பொதிவிலங்குகட்கு அளவு வகுத்த 1965-ஆம் ஆண்டு விதிகளை ஒவ்வொரு மாணவரும் அறிந்திருத்தல் நன்று. அவற்றின்படி, மட்டக்குதிரைக்கு 70 கிலோ, கழுதைக்கு 50 கிலோ, கோவேறு கழுதைக்கு 200 கிலோ என்பனவே மிகுதியான பொதி. நாளொன்றுக்கு 9 மணி நேரத்திற்கு மேலும், இளைப்பாறலின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்திற்கு மேலும் வேலை வாங்குதல் கூடாது. வெப்பம் 37 பாகையைக் கடந்த இடத்தில், நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை அவற்றைச் சுமக்கச் செய்தலும் குற்றம். இவ்வளவைக் காத்தால் முழங்கால் பிழைக்கும். முழங்கால் பிழைத்தால் உழைக்கும் ஆண்டுகள் நீளும். குதிரைக்காரர் குடும்பமும் அதனால் நன்மையே அடையும்.

மாணவ அன்பர்காள்! கோடை விடுமுறையில் நம்மிற் பலர் கொடைக்கானலுக்குச் செல்கின்றோம். ஏரிக்கரையில் குதிரையேறுமுன், சேணத்தின்கீழ்ப் புண் உளதா, நடையில் நொண்டல் உளதா என ஒருகணம் நோக்குக. 70 கிலோ என்பது பொதிக்கு வகுத்த அளவாயினும், சவாரி செய்வோர் தம் எடையையும் அதனோடு ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். உணவுக் கழிவைப் பிளாஸ்டிக் பையிற் கட்டி எறியாதொழிக. ஊர் திரும்பியபின் ஏதேனும் ஓர் அடைக்கல நிலையத்திற்கு உதவ விழைவீராயின், மீட்கும் காட்சியைக் கண்டு உருகி ஒருமுறை பெருந்தொகை அனுப்புவதினும், மாதந்தோறும் ஒரு விலங்கின் ஒருநாட் தீவனத்திற்குரிய சிறுதொகையை இடையறாது அனுப்புதல் மேலானது. அங்குள்ள உயிர்கள் நாள்தோறும் பசிக்கின்றன. மாதம் ஒருமுறை தவறாது வரும் ஆறு கிலோ வைக்கோலை நம்பி அந்நிலையத்தார் அடுத்த மாதக் கணக்கைத் துணிவுடன் எழுதலாம். எப்பொழுதோ வரும் ஆயிரம் கிலோவை நம்பி எழுத இயலாது.